பெஞ்சிலிருந்து எழுந்து வாங்க!

"அம்மா எங்க கூட வரலீங்க ஆயா!"

எதிர் வீட்டுப் பாட்டியிடம் என் சின்னவன் இப்படிச் சொன்னபோது, நான் வாசலில் ஈரத் துணிகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முந்தின நாள்தான் குடும்பத்தோடு தீம் பார்க் போய் வந்திருந்தோம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளிசாதம் கிளறியது நான். ஏழு பேருக்கும் மாற்றுத் துணி எடுத்து வைத்தது நான். நாள் முழுக்க ஒரு வேப்பமரத்தடி பெஞ்சில், ஐந்து பைகளையும் ஏழு ஜோடிச் செருப்புகளையும் காவல் காத்ததும் நானேதான்! ஆனால் நாலு வயதுப் பிள்ளையின் கணக்கில் அம்மா வரவே இல்லை. அவன் பொய் சொல்லவில்லை, சகோதரிகளே. தண்ணீரில் அவனோடு யார் இருந்தார்களோ அவர்கள் மட்டும்தான் "வந்தவர்கள்".

இது நடந்தது 2012 கோடை விடுமுறையில். அன்றைக்கு எடுத்த போட்டோக்களைப் பிறகு புரட்டிப் பார்த்தேன். பெரியவள் இருக்கிறாள், சின்னவன் இருக்கிறான், வீட்டுக்காரர், நாத்தனார், அவர் குழந்தைகள் எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் ஒன்றில்கூட இல்லை. சின்ன வயதில் என்னை வி.ஜி.பி. கோல்டன் பீச்சுக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். அங்கே என்ன சேஷ்டை செய்தாலும் அசையாமல் நிற்பாரே, சிலை மனிதர், அவரை நினைத்துக்கொண்டேன். அவருக்காவது அது உத்தியோகம், சம்பளம் உண்டு. நான் சம்பளமில்லாத சிலை மனுஷி!

இன்று என்னை எங்கள் தெருவில் "தீம் பார்க் அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். எண்ணிப் பார்த்தால் பதினொரு தடவை போய்விட்டேன். நீலகிரி அடிவாரத்தில், மேட்டுப்பாளையம் பக்கத்து பிளாக் தண்டர் எங்கள் ஈரோட்டுக்காரர்களுக்குக் காலையில் போய் ராத்திரி திரும்பும் தூரம். 2000-ஆம் ஆண்டில் வீகாலேண்ட் என்ற பெயரில் ஆரம்பித்து, பிறகு வொண்டர்லா என்று பெயர் மாறிய கொச்சிப் பூங்காவுக்கு ரயிலில் போயிருக்கிறோம். பெங்களூர் பிடதிப் பக்கத்தில் 2005-ல் திறந்த வொண்டர்லாவும் பார்த்தாயிற்று. ஆனால் பெஞ்சிலிருந்து நான் எழுந்த கதை அத்தனை சுலபமாக நடந்துவிடவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் யோசனைகளுக்கு வரவேண்டும்.

பத்து நிமிஷம்

2014-ல் மறுபடி கிளம்பினோம். எந்தப் பூங்கா என்பது வேண்டாம். தப்பு அவர்களுடையதல்ல, எங்களுடையது. "இந்தத் தடவை நானும் இறங்குவேனுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மாமியாருக்குப் பிடிக்கவில்லை. "பொம்பளை ஒருத்தி பையைப் பாத்துட்டு உக்காந்தாத்தான் சாமி ஆகும்" என்றார். நான் கேட்கவில்லை. பைகளை லாக்கரில் பூட்டிச் சாவியைக் கையில் மாட்டிக்கொண்டு அலைக் குளத்தில் இறங்கினேன்.

அடடா, அந்த முதல் அலை! என்னைத் தூக்கி, தள்ளி, மூக்கில் தண்ணீர் ஏற்றி உட்கார வைத்தது. முப்பது வயதுக்கு மேல் இப்படி வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. பெரியவள் என் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மா, இன்னொன்னு வருது, இன்னொன்னு வருது!" என்று குதித்தாள்.

நாலைந்து அலை போயிருக்கும். திரும்பிப் பார்த்தேன். சின்னவனைக் காணோம்.

"உங்க கிட்டத்தானே இருந்தான்?" என்றேன். "நீ பாத்துக்கறேன்னு நெனச்சேன்" என்றார் வீட்டுக்காரர். நாத்தனார், "நான் அண்ணங்கிட்ட இருக்கான்னு இருந்துட்டேன்" என்றார். மூன்று பெரியவர்கள், ஒரு ஆறு வயதுப் பிள்ளை. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வதாக நினைத்துவிட்டோம். அத்தனை கூட்டத்தில் எல்லாத் தலையும் ஒரே மாதிரி ஈரமாகக் கறுப்பாக இருந்தது. அவன் போட்டிருந்தது நீலச் சட்டை. தண்ணீரும் நீலம், தரையும் நீலம்.

உயிர்காப்பாளர் விசில் ஊதி அலையை நிறுத்தச் சொன்னார். பத்து நிமிஷம் கழித்து, ஐஸ்கிரீம் கடை வாசலில் அவனைக் கண்டுபிடித்தோம். தண்ணீர் மூக்கில் ஏறியதால் பயந்து தானாகவே வெளியேறி, பழைய பெஞ்சைத் தேடிக்கொண்டு போயிருக்கிறான். "அம்மா அங்கதான இருப்பாங்க" என்றான். அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

"இதுக்குத்தான் சொன்னேன்" என்று மாமியார் சொன்னபோது எனக்குப் பதில் இல்லை. இரண்டு வருஷம் தீம் பார்க் பேச்சையே எடுக்கவில்லை.

முறை வைத்துக்கொண்டோம்

பிறகு நிதானமாக யோசித்துப் பார்த்தேன். நான் எழுந்தது தப்பில்லை. நான் எழுந்தபோது அந்த இடத்தில் வேறு யாரும் உட்காரவில்லையே, அதுதான் தப்பு. பைக்காக மட்டுமா நான் பெஞ்சில் இருந்தேன்? எல்லாரையும் எண்ணிக்கொண்டு, யார் எங்கே என்று பார்த்துக்கொண்டு ஒருத்தி இருந்தாள். அது ஒரு வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை! லாக்கர் பையைப் பார்த்துக்கொள்ளும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுமா?

2016-ல் வீட்டுக்காரரே சொன்னார்: "முறை வச்சுக்கலாம். ஒரு மணி நேரம் நான், ஒரு மணி நேரம் நீ." அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான். முறையில் இருப்பவர் கழுத்தில் ஒரு சிவப்புத் துண்டு. அந்தத் துண்டு யார் கழுத்தில் இருக்கிறதோ அவர் விளையாடக் கூடாது. போனைப் பார்க்கக் கூடாது. குழந்தைகளைத்தான் பார்க்க வேண்டும். துண்டை மாற்றும்போது "இப்ப நீ" என்று வாய்விட்டுச் சொல்லி, மற்றவர் "சரி, நான்" என்று சொல்ல வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். செய்து பாருங்கள், அப்புறம் விடமாட்டீர்கள்.

முதல் தடவை என் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆனதும், "ஏம்மா, இவ்வளவு நேரமா நீ இப்படியே உக்காந்திருப்ப?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு சுவாரசியமான சங்கதி. அமெரிக்காவின் வால்ட் டிஸ்னிக்கு இரண்டு பெண்கள். அவர்களை லாஸ் ஏஞ்சலஸ் கிரிஃபித் பார்க் ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, இவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பாராம். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டாமா என்று அங்கேதான் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17-ல் கலிபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலாண்ட் திறந்தது. பெஞ்சில் உட்கார்ந்து அலுத்துப்போன ஒரு தகப்பனின் யோசனை அது! நாமோ அங்கேயும் போய் பெஞ்சைத் தேடுகிறோம்.

இனி, என் அனுபவத்தில் கண்ட யோசனைகள்.

எந்த நாள், எந்த நேரம்?

ஞாயிறும் மே மாதமும் வேண்டவே வேண்டாம். விளையாடுவதைவிட வரிசையில் நிற்பதுதான் ஜாஸ்தி. பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு வாரநாளில் லீவு போட்டுப் போனால் பாதிக் கூட்டம்கூட இருக்காது. கொச்சிப் பக்கம் ஜூன், ஜூலையில் மழை கொட்டும். இடி மின்னல் வந்தால் விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள், கவனம்.

கதவு திறக்கும்போதே உள்ளே நுழையுங்கள். எல்லாரும் வாசலுக்கு அருகில் இருப்பதில் ஏறுவார்கள். நீங்கள் நேரே கடைசிக்குப் போய் அங்கிருந்து ஆரம்பியுங்கள். பெரிய ராட்டினங்களைக் காலை முதல் மணி நேரத்திலும், ஜனங்கள் சாப்பிடப் போகும் ஒரு மணி, இரண்டு மணி வாக்கிலும் முடித்துவிடலாம். முதலில் உலர்ந்த விளையாட்டு, பிறகு தண்ணீர். ஈரத் துணியோடு மற்றதில் ஏறினால் குளிரும், தொடையில் உராய்ந்து எரியும்.

டிக்கெட் விலை நாளுக்கு நாள், சீசனுக்கு சீசன் மாறும். மாணவர் சலுகை இருக்கிறதா, முன்பதிவில் தள்ளுபடி உண்டா என்று விசாரித்து, பள்ளி அடையாள அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். கொச்சிப் பூங்கா குன்றின்மேல் இருக்கிறது. ஏற்ற இறக்கம் உண்டு. முழங்கால் வலி உள்ள மாமியாரை அழைத்துப்போகும் முன் இதையும் யோசியுங்கள்.

அளவுகோலோடு சண்டை வேண்டாம்

ஒவ்வொரு ராட்டின வாசலிலும் உயரம் அளக்கும் கோல் இருக்கும். என் சின்னவனுக்கு 2019-ல் இரண்டு சென்டிமீட்டர் குறைந்தது. அழுதான். "ரெண்டு சென்டிமீட்டர்தானே தம்பி, விடுங்க" என்று நானும் கெஞ்சினேன். அந்தப் பையன் அசையவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவன் பொறுமையாக, "இந்தக் கம்பி உங்க பையன் தொடையில சரியா உக்காராதுங்க அக்கா, வண்டி தலைகீழாப் போகும்போது அதுதான் பிடிச்சுக்கணும்" என்றான். வாயடைத்துப்போனேன். உள்ளே துணி வைத்த ஷூவைப் போட்டுப் பிள்ளையை உயரமாகக் காட்டும் பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். வீட்டிலேயே சுவரில் அளந்து, எதில் ஏறலாம், எதில் முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அங்கே அழுகை இல்லை.

உடையும் நகையும்

"இரண்டு பிள்ளை பெத்த உடம்பை வைத்துக்கொண்டு நான் போய் அதையெல்லாம் போடுவதா?" என்று நானும் கேட்டவள்தான். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை, சகோதரிகளே. எல்லாரும் மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திக்கொண்டிருக்கிறார்கள்!

புடவை, துப்பட்டாவோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். பருத்தித் துணியையும் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. அது தண்ணீரைக் குடித்துக் கனக்கும்; பிரியும் நூல் வடிகட்டியை அடைக்கும். நைலான் அல்லது பாலியெஸ்டரில் முழுக்கை மேல்சட்டை, கணுக்கால்வரை கால்சட்டை தாராளமாகக் கிடைக்கிறது. உள்ளே வாங்கினால் விலை அதிகம்; ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

கம்மல், வளையல், கொலுசு எல்லாம் வீட்டில். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்து, உள்பக்கமாக ஊக்கு குத்திக்கொள்ளலாம். கூந்தலைப் பின்னிக் கொண்டையாகக் கட்டுங்கள். 2018-ல் ஹரியானாவில் ஒரு பெண்ணின் கூந்தல் கோ-கார்ட் வண்டிச் சக்கரத்தில் சிக்கி உயிரே போய்விட்டது. துப்பட்டாவும் அப்படித்தான்; மறக்காதீர்கள்.

குளத்தில் இறங்கும் முன் ஷவரில் தலையை நன்றாக நனைத்துக்கொண்டால், குளோரின் தண்ணீரை முடி அவ்வளவாக இழுக்காது. வெளியே வந்ததும் மறுபடி நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

மாதவிலக்கு நாட்களில் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். நாப்கின் தண்ணீரில் பயன்படாது. கப் பழக்கம் உள்ளவர்கள் இறங்கலாம். மற்றவர்கள் உலர்ந்த விளையாட்டுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். இதற்காக டாக்டரைக் கேட்காமல் மாத்திரை போட்டு நாளைத் தள்ளிப்போடாதீர்கள். முடிந்தால் பயணத் தேதியைத் தள்ளிப்போடுங்கள்!

வயிறும் தலையும்

பெரும்பாலான இடங்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை. குழந்தை உணவும் மருந்தும் கொண்டுபோகலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் போகும் வழியிலேயே இட்லியை முடித்துவிடுவோம். புளிசாதம் திரும்பும் வழிக்கு. பூரி, பரோட்டா தின்றுவிட்டுச் சுற்றும் ராட்டினத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

தலைசுற்றல் ஏன் வருகிறது? உடம்பு சுற்றுவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒரு விதமாகச் சொல்ல, கண் வேறு விதமாகச் சொல்ல, மூளை குழம்பிவிடுகிறது. ரோலர் கோஸ்டரில் முன்னால் வரும் பாதையைப் பாருங்கள். கண்ணை மூடினால் குமட்டல் அதிகமாகும். இறங்கியதும் நிழலில் உட்கார்ந்து, தூரத்தில் அசையாத ஏதாவது ஒன்றைப் பாருங்கள். என் பையில் இஞ்சி மொரப்பா எப்போதும் இருக்கும். பயம் அதிகம் உள்ளவர்கள் ரோலர் கோஸ்டரில் கடைசிப் பெட்டியைத் தவிர்க்கலாம். முன்பெட்டிகளின் கனம் இழுப்பதால், உச்சியைத் தாண்டும்போது கடைசிப் பெட்டிதான் வேகமாகத் தூக்கிப்போடும்.

தண்ணீரிலேயே இருப்பதால் தாகம் தெரியாது. ஆனால் வெயிலில் உடம்பு வற்றிக்கொண்டேயிருக்கும். அரை மணிக்கு ஒரு தடவை குழந்தைகளைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

யார் ஏற வேண்டாம்?

கர்ப்பிணிகள், இதய நோய், அதிக ரத்த அழுத்தம், வலிப்பு உள்ளவர்கள், கழுத்து முதுகெலும்பில் கோளாறு உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் வேகமான ராட்டினத்தில் ஏறவே கூடாது. "நாள் தள்ளிப்போயிருக்கிறது, இன்னும் நிச்சயமில்லை" என்று இருப்பவர்களும்தான். சிசேரியன் ஆன இளம் தாய்மார்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். பெஞ்சிலிருந்து எழச் சொல்கிறேன் என்பதற்காக எல்லாவற்றிலும் ஏறச் சொல்லவில்லை! மெதுவாகச் சுற்றும் ராட்சத ராட்டினம் இருக்கிறது, முழங்கால் அளவுத் தண்ணீர் இருக்கிறது. பிள்ளையோடு இருக்க அது போதும்.

தண்ணீரில் குழந்தை

இது எல்லாவற்றையும்விட முக்கியம். மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டிக் கூச்சல் போடாது. மூச்சு விடவே வாய் போதாதபோது எங்கிருந்து கத்தும்? சத்தமில்லாமல், சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். காற்று ஊதிய கைப்பட்டையும் ரப்பர் வளையமும் விளையாட்டுச் சாமான்கள். உயிர் காப்பவை அல்ல. சரியான அளவு லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள். அதைப் போட்ட பிறகும் கண்ணை எடுக்காதீர்கள்.

நீலம், வெள்ளைத் துணி தண்ணீரில் தெரியாது. ஆரஞ்சு, பளிச்சென்ற ரோஜா நிறம் தூரத்திலிருந்தே தெரியும். எனக்கு இது பத்து நிமிஷத்தில் கிடைத்த பாடம்.

காலையில் உள்ளே நுழைந்ததும் குழந்தைகளை அன்றைய உடையில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். போன் நம்பரை முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, அழிந்தால் மறுபடி எழுதுங்கள். "காணாமப் போனா அங்கேயே நில்லு, யூனிபாரம் போட்ட ஆள்கிட்ட சொல்லு" என்று சொல்லிக்கொடுங்கள். எல்லாரும் வந்து சேர ஓர் இடத்தையும் முதலிலேயே காட்டிவிடுங்கள். நாங்கள் இன்றும் ஒரு பெஞ்சைத்தான் காட்டுகிறோம்!

போன தடவை அந்தச் சிவப்புத் துண்டு என் மாமியார் கழுத்தில் இருந்தது. தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். என் முறை முடிந்ததும், "கண்ணு, நீ போய் ஆடிட்டு வா, நாம் பாத்துக்கறேன்" என்றார். துண்டைக் கொடுத்தேன். "இப்ப நீங்க, அத்தை" என்றேன். "சரி, நான்" என்றார், எங்கள் சட்டப்படி!

சகோதரிகளே, அடுத்த விடுமுறைக்குப் பை கட்டும்போது, ஒரு சிவப்புத் துண்டையும் சேர்த்து வையுங்கள். உங்களுக்கென்று ஒரு மாற்றுத் துணியும் எடுத்து வைக்க மறக்காதீர்கள். உங்கள் அனுபவங்களை எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில், கைக்குழந்தையோடு இரவு ரயில் பயணம் பற்றிப் பேசலாமா?